முதல் பேச்சுக்கு எதைக் கொடுப்பது? கலைத் தத்துவ வட்டத்துக்கு வரும் புதியவர்களைச் சேர்க்க நான்கு வழிகள்

சிங்கப்பூரில் தமிழில் கதை பேசவும் கவிதை பேசவும் இடம் இருக்கிறது. நூலக அறைகளிலும் சமூக மன்றங்களிலும் யாராவது மாதந்தோறும் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ‘இது ஏன் கலை, அது ஏன் கலை இல்லை, நன்றாக இருக்கிறது என்று எந்தக் காரணத்தால் சொல்கிறோம், அதைச் சொல்ல யாருக்குத் தகுதி’ என்று கேட்கும் கூட்டங்கள் சிறியவை. அப்படிப்பட்ட வட்டங்களை நடத்தும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான். புதிதாக ஒருவர் வருகிறார். இரண்டு மூன்று கூட்டம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் தாமும் பேசவேண்டும், எழுதவேண்டும் என்கிறார். முதலில் அவரிடம் எதைக் கொடுப்பது?

சின்ன முடிவு போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பேச்சில் ஒருவர் எதைச் செய்கிறாரோ, அதுதான் இந்தத் துறை என்று அவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. பெரிய தத்துவவாதி சொன்னதைச் சுருக்கிச் சொல்வதில் தொடங்குகிறவர், பிழையில்லாமல் ஒப்பிப்பதுதான் வேலை என்று எடுத்துக்கொள்கிறார். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதில் தொடங்குகிறவர், ரசனையைப் பகிர்ந்துகொண்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார். ஒரு தீர்ப்பைச் சொல்லி, அதற்குக் காரணம் சொல்லி, அந்தக் காரணத்தை மற்றவர்கள் உரசிப் பார்க்க விடவேண்டும். இதைப் புதியவர் முதல் நாளே செய்து பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. கீழே நான் எடைபோடுவதெல்லாம் இந்தச் சாய்வோடுதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வட்டங்கள் கையாளும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம். ஒரு நூலை அறிமுகப்படுத்தச் சொல்வது. ஒரு படைப்பின் முன் நின்று பேசச் சொல்வது. ஒரு வழக்கைக் கொடுத்துப் பக்கம் எடுக்கச் சொல்வது. அவரவர் கைத்தொழிலிலிருந்தே பேசச் சொல்வது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்களை.

முதலாவது சொந்தத் தீர்ப்பு. பேச்சு முடிவதற்குள் புதியவர் ஒரு தடவையாவது ‘நான் இப்படி நினைக்கிறேன், காரணம் இது’ என்று சொல்லியே ஆகவேண்டிய நிலை வருமா? இரண்டாவது பொதுப்பொருள். அவர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அது மற்றவர்கள் கண்முன்னும் இருக்கிறதா? இல்லையென்றால் யாராலும் மறுத்துப் பேச முடியாது, தலையாட்டத்தான் முடியும். மூன்றாவது தயாரிப்பு நேரம். இந்த ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. சுழல்முறையில் வேலை பார்க்கும் தாதிக்கும், வாரத்தில் ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் நிற்பவருக்கும், மாலை முழுக்கத் துணைப்பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும், தேசிய சேவையில் இருக்கும் இளையருக்கும் ஒரே அளவு ஓய்வு கிடைப்பதில்லை. நான்காவது ஆழத்துக்கு வழி. ‘எனக்குப் பிடித்திருந்தது’ என்ற இடத்தைத் தாண்டி, ‘பிடித்தல் என்றால் என்ன’ என்ற இடத்துக்குப் பேச்சு தானாக நகருமா? ஐந்தாவது மறைசெலவு. பணம், இடம், அனுமதி ஆகியவற்றோடு பழைய உறுப்பினர் ஒருவரின் உழைப்பும் இதில் சேரும். இந்தக் கடைசிச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

முதல் இரண்டுக்கும் நான் அதிக எடை கொடுக்கிறேன். தயாரிப்பு நேரத்தைக் குறைக்க வழி உண்டு. செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். சொந்தத் தீர்ப்பு இல்லாமல் தொடங்கிய பழக்கத்தை மாற்றுவது கடினம்.

## முதல் வழி: நூல் அறிமுகம்

பெரும்பாலான வட்டங்கள் இதைத்தான் செய்கின்றன, காரணமும் புரிகிறது. நூல் இருந்தால் பேச்சு எங்கும் அலையாது. தேசிய நூலகத்தின் நோக்கீட்டுப் பிரிவில் தேடினால் முக்கியமான நூல்கள் கிடைக்கும். மேலும், இந்தத் துறையில் சில சிறந்த எழுத்துகள் உண்மையிலேயே சிறியவை. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட, ரசனையின் அளவுகோல் பற்றிய கட்டுரையை ஒரு மாலையில் படித்துவிடலாம்.

பலம் என்று பார்த்தால் ஆழத்துக்கான வழியில் இதற்கு நிகர் இல்லை. கேள்விகள் ஏற்கெனவே கூர்மையாக இருக்கும், எதிர்வாதங்களும் கையில் இருக்கும்.

ஆனால் சொந்தத் தீர்ப்பு என்ற அளவுகோலில் இது சறுக்குகிறது. ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால், ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று பதில் வரும். புதியவர் அந்தப் பெரிய பெயருக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொள்கிறார். மறைசெலவும் அதிகம். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் விளக்குவது இரட்டை வேலை. பழைய உறுப்பினர் ஒருவர் அவரோடு இரண்டு மூன்று மாலை உட்கார்ந்தால்தான் ஒழுங்காக அமையும். அப்படி உட்கார ஆள் இல்லாத வட்டம் இந்த வழியை எடுக்கவே கூடாது.

எடுத்தால், முழு நூலைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு வாதத்தைக் கொடுங்கள். ஹியூமின் கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது, ஸ்பானிய நாவல் ஒன்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. பீப்பாய்த் திராட்சை மதுவைச் சுவைத்துப் பார்த்த இரண்டு பேரில் ஒருவர், நல்ல மதுதான், லேசாகத் தோல் வாசம் அடிக்கிறது என்கிறார். மற்றவர் இரும்பு வாசம் என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஹியூம், நுட்பமான ரசனை என்பது இல்லாததைக் கற்பனை செய்வதில்லை, இருப்பதைக் கண்டுபிடிப்பது என்கிறார். நல்ல நடுவருக்கு ஐந்து தகுதிகளும் சொல்கிறார்: தெளிந்த அறிவு, நுண்ணிய உணர்வு, பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், முன்முடிவு இல்லாத மனம். சரி, புதியவரிடம் கேளுங்கள்: நம்மூர்ப் பரதநாட்டியப் போட்டியில் நடுவராக இருப்பவருக்கு இந்த ஐந்தும் போதுமா? தம் மாணவியே மேடையேறும்போது ஐந்தாவது தகுதி என்ன ஆகும்? பீப்பாயில் சாவி கிடைத்தது, நடனத்தில் அந்தச் சாவி எது? இப்போது அவர் ஹியூமுக்குப் பின்னால் நிற்க முடியாது. தமக்காகப் பேசத்தான் வேண்டும்.

தமிழ் ஆசிரியர்களுக்கும் தமிழிலக்கியம் படித்தவர்களுக்கும் உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் நல்ல தொடக்கம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் அவர்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாமல், அழுகையும் அச்சமும் நமக்கு வேண்டாதவை, பிறகு ஏன் காசு கொடுத்து மேடையில் அவற்றைப் பார்க்கப் போகிறோம் என்று கேளுங்கள். அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேசும்போதும், காஷ்மீரத்தில் அபிநவகுப்தர் ரசம் என்ற கலைச்சுவையை விளக்கும்போதும் சுற்றி வருவது இதே இடத்தைத்தான். மனப்பாடமாக இருந்த எட்டுச் சொற்கள் அங்கே கேள்வியாக மாறும்.

இது பொருந்துவது பல்கலைக்கழகத்தில் தத்துவமோ இலக்கியமோ படித்தவர்களுக்கு, பொது இடத்தில் பேசக் கூச்சப்பட்டாலும் எழுத்தில் தெளிவாக இருப்பவர்களுக்கு, நேரில் வர முடியாமல் இணையவழி கலந்துகொள்பவர்களுக்கு.

## இரண்டாம் வழி: படைப்பின் முன் பேச்சு

என் முதல் தேர்வு இதுதான்.

பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015இல் திறந்த தேசியக் கலைக்கூடத்தில் சுவா மியா டீ வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ என்ற ஓவியம் இருக்கிறது. ஆண்டு 1959, சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு. மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். புதியவரை அதன்முன் நிறுத்தி, ‘இது நல்ல ஓவியமா, ஏன்’ என்று மட்டும் கேளுங்கள்.

என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஒருவர், நம் வரலாறு இதில் இருக்கிறது, அதனால் முக்கியம் என்பார். இன்னொருவர், வரலாறு தெரியாத ஜப்பானியப் பயணி ஒருவர் வந்து நின்றால் அவருக்கு இது வெறும் வகுப்பறைதானே, அப்படியானால் ஓவியம் நல்லதா, ஆண்டு நல்லதா என்பார். மூன்றாமவர் வெளிச்சத்தைக் காட்டுவார், முகங்கள் திரும்பியிருக்கும் திசையைக் காட்டுவார். பத்து நிமிடத்தில், யாரும் பெயர் சொல்லாமலேயே, 1914இல் ஆங்கிலக் கலை விமர்சகர் கிளைவ் பெல் எழுப்பிய வாதத்துக்குள் வந்துவிட்டார்கள். கோடும் வண்ணமும் சேர்ந்து அமையும் வடிவம்தான் கலை, அது எதைக் காட்டுகிறது என்பது கணக்கில் வராது என்றவர் அவர். அந்த ஓவியத்தின்முன் நின்றுகொண்டு அதை முழுசாக ஏற்பதும் சிரமம், முழுசாகத் தள்ளுவதும் சிரமம். நூலை எடுத்துக்காட்டும் வேளை அதுதான். தேவை வந்த பிறகு வரும் நூல் மனத்தில் நிற்கிறது.

ஒரு நடைமுறை உதவும். முதல் பத்து நிமிடம் சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கக் குறிப்பை யாரும் படிக்கக்கூடாது. படித்தால் அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லத் தோன்றும். பத்து நிமிடம் கழித்துப் படிக்கட்டும். பிறகு கேளுங்கள்: படித்ததும் உங்கள் தீர்ப்பு மாறியதா, மாறியது என்றால் ஓவியத்தில் எது மாறியது? ஒரு படைப்பை எந்த வகையில் வைத்துப் பார்க்கிறோமோ அதைப் பொறுத்து அதன் குணங்களே வேறாகத் தெரியும் என்று தத்துவவாதி கெண்டல் வால்டன் 1970இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அதைப் படிக்காமலேயே அந்த அனுபவத்துக்குப் புதியவர் வந்து சேர்ந்திருப்பார். ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னால், முன்பு என்ன நினைத்தேன், பின்பு என்ன நினைத்தேன் என்று எழுதவே அவருக்கு விஷயம் இருக்கும்.

சொந்தத் தீர்ப்பிலும் பொதுப்பொருளிலும் இந்த வழிக்கு முழு மதிப்பெண். தயாரிப்பு ஏறக்குறைய தேவையே இல்லை. கண்ணும் பொறுமையும் போதும். ஆழத்துக்கு வழி உண்டு, ஆனால் தானாக அமையாது. நேரம் பார்த்துச் சரியான கேள்வியைப் போட ஒருவர் கூட இருக்கவேண்டும்.

மறைசெலவுகளையும் சொல்கிறேன். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கலைக்கூடத்தில் பொது நுழைவு இலவசம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. ஒரே வட்டத்தில் சிலர் இலவசமாகவும் சிலர் பணம் கட்டியும் உள்ளே போகும்போது, வாய்விட்டுச் சொல்லாத ஒரு சங்கடம் எழும். வட்டம் அந்தச் செலவை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும். ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று சத்தமாகப் பேசினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல், குழுவாக வருவதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி வேண்டும். நீங்கள் நினைத்துப் போன படைப்பு அன்று காட்சியில் இல்லாமலும் போகலாம்.

கட்டணம் சிக்கலாக இருந்தால் வெளியிலேயே எவ்வளவோ இருக்கிறது. தேசிய அரும்பொருளகத்தின் வெளியே குமாரி நாகப்பன் வடித்த ‘பெடாஸ் பெடாஸ்’ என்ற பெரிய வெண்கல மிளகாய் நிற்கிறது. தினமும் சமையலில் பார்க்கும் பொருள், அளவு மட்டும் மாறியதால் சிற்பமாகிவிட்டதா? அதே அளவில் ஒரு உணவகம் விளம்பரத்துக்காக மிளகாய் செய்து வைத்தால் அது என்ன? நியூயார்க்கில் ஆண்டி வார்ஹோல் 1964இல் சோப்புப் பெட்டிகளைப் போலவே பெட்டிகள் செய்து காட்சிக்கு வைத்ததைப் பார்த்துவிட்டுத் தத்துவவாதி ஆர்தர் டான்டோ கேட்ட கேள்வி இதற்கு நெருங்கிய உறவு. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் கலையாவது எப்படி என்று அவர் கேட்டார். கேவனா பாலத்தின் அருகே ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். செலவு எம்ஆர்டி கட்டணம் மட்டும்தான்.

இந்த வழி எடுபடாத இடம் இசையும் நடனமும். அவை நின்று காத்திருக்காது. பதிவைப் போட்டுக் காட்டலாம், ஆனால் அப்போது பேச்சு பாதிநேரம் பதிவின் தரத்தைப் பற்றிப் போய்விடுகிறது.

## மூன்றாம் வழி: ஒரு வழக்கு

ஒரு நிகழ்வைக் கொடுத்து, நீங்கள் எந்தப் பக்கம், ஏன் என்று கேட்பது. சிங்கப்பூரிலேயே கொடுக்கத் தகுந்த வழக்குகள் நிறைய இருக்கின்றன.

1972இல் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிங்கப்பூர்க் கலைஞர் சியோ சாய் ஹியாங், இங்குள்ள நவீனக் கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குத் தம் படைப்பைக் குறிப்புகளாக அனுப்பினார். ஐந்தடிக்கு ஐந்தடி சதுரம் ஒன்றை, பாதி சுவரிலும் பாதி தரையிலுமாக வரைய வேண்டும். தலைப்பில் சிங்கப்பூர் ஆறு இருந்தது. அந்த ஆற்றைப் படகுகளோடும் கடைவீடுகளோடும் வரைந்து வரைந்து ஓவியர்கள் பழகியிருந்த காலம் அது. சங்கம் ஏற்க மறுத்தது. இன்று சிங்கப்பூர்க் கலை வரலாற்றில் அந்தச் சதுரத்துக்குத் தனி இடம் உண்டு. 1972இல் மறுத்தவர்கள் தவறு செய்தார்களா, அல்லது அன்றைக்கு அது இன்னும் கலையாக ஆகியிருக்கவில்லையா?

இன்னொன்று தமிழர்களுக்கு நெருக்கமானது. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து சோழர் கால உமா பரமேஸ்வரி செப்புத்திருமேனியை வாங்கியது. களவுபோன சிலை என்று இந்தியா கேட்டுக்கொண்டதன்பேரில் 2015இல் அதைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. களவுச் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள்: பூசையும் அலங்காரமும் இல்லாமல், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் நாம் எதைப் பார்த்து வியந்தோம்? பட்டும் பூவும் சாத்தி உலாப் போகும்போது மூடியிருக்கும் இடுப்பு வளைவைத்தானே அருங்காட்சியகத்தில் அழகு என்கிறோம்?

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு கோபுரம்தான். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. அதற்குமுன் கோபுரச் சிற்பங்களைச் செப்பனிட்டுப் புது வண்ணம் பூசினார்கள். ஓவியக் கூடத்தில் பழைய ஓவியத்தின்மேல் முழுக்கப் புதுச் சாயம் அடித்தால் அதைக் கெடுத்துவிட்டார்கள் என்போம். கோயிலில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் பூசாவிட்டால்தான் கவனிக்காமல் விட்டார்கள் என்போம். இரண்டும் கலை என்றால் ஒரே நியாயம் ஏன் இரண்டுக்கும் பொருந்தவில்லை? கோபுரத்தில் ‘படைப்பு’ என்பது எது? அந்தச் சுதையா, அந்த வண்ணமா, அல்லது கைமாறிக் கைமாறி வரும் முறையா? ஒரு நாடகத்தை மறுபடி மேடையேற்றுவது போல ஒரு கோபுரத்தையும் மறுபடி ‘நிகழ்த்த’ முடியுமா? எது போலி, எது மறுபிரதி என்று தத்துவவாதி நெல்சன் குட்மேன் 1968இல் வகுத்த பிரிவுகளை இங்கே பொருத்திப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்குக் குறையாமல் பேச்சு ஓடும். கோயில் வாசலில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கேள்வியில் முழு உரிமை இருக்கிறது. புத்தகம் படித்தவரைவிட அவருக்குத் தெரிந்தது அதிகம்.

வழக்கில் ஆபத்து சூடுதான். பேச்சு சட்டத்துக்கோ அரசியலுக்கோ மதத்துக்கோ தாவிவிடும். வேகமாகப் பேசுகிறவர் இடத்தைப் பிடித்துக்கொள்வார். முதல் பேச்சிலேயே பலர்முன் தோற்றுப்போனதாக உணர்பவர் அடுத்த மாதம் வரமாட்டார். இந்தச் செலவு கணக்கேட்டில் தெரியாது, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆகவே புதியவரிடம் ஒரு பக்கத்தை மட்டும் கொடுக்காமல், இரு பக்கத்துக்கும் உள்ள மிக வலுவான காரணத்தைச் சொல்லிவிட்டு, பிறகு தம் நிலையைச் சொல்லச் சொல்லுங்கள். கோயில் சம்பந்தப்பட்ட வழக்குகளை, ஒருவரை ஒருவர் ஓரளவு அறிந்த வட்டத்தில் மட்டும் எடுங்கள்.

பள்ளி விவாத மேடைகளில் பேசிப் பழகிய இளையர்களுக்கு இது இயல்பாக வரும். சட்டம், பத்திரிகை, நிர்வாகம் போன்ற துறையினருக்கும் அப்படியே. வெளியே போக முடியாத மழைக்காலத்துக்கும் இதுவே வசதி.

## நான்காம் வழி: கைத்தொழிலிலிருந்து

தமிழ் வட்டங்கள் அதிகம் பயன்படுத்தாத வழி இது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தால் பூக்கட்டுகிறவர், பொற்கொல்லர், தையற்காரர் என்று எத்தனையோ பேர் வடிவத்தோடு நாள்முழுக்கப் புழங்குகிறார்கள். நட்டுவாங்கம் செய்கிறவர்களும் மிருதங்கம் கற்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கலையைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறோம். கலைத் தத்துவம் பேசக் கூப்பிடுவதில்லை.

ஆங்கிலத் தத்துவவாதி ஆர். ஜி. காலிங்வுட் 1938இல் கலையையும் கைவினையையும் பிரித்தார். கைவினைஞர் என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே அறிந்து செய்கிறார், கலைஞருக்கோ செய்து முடிக்கும்போதுதான் அது தெரியவருகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு மாலை கட்டுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இத்தனை முழம், இன்ன பூ என்பது முன்கூட்டியே முடிவானது. ஆனால் அன்றைய மல்லிகை அரும்பாக வந்ததா மலர்ந்து வந்ததா என்பதைப் பார்த்து, எங்கே மரிக்கொழுந்தை இடையில் வைப்பது என்று கை முடிவு செய்கிறதே, அது எந்தப் பக்கம்? நம் மரபும் கணக்கையும் கலையையும் பகை என்று பார்க்கவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை மாதவி ஆடிய அரங்கை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்து சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்துக்குப் போகிறது.

பலவீனங்கள் இரண்டு. பேச்சு செய்முறை விளக்கமாகவோ வாழ்க்கை வரலாறாகவோ முடிந்துவிடலாம். அதைவிடப் பெரியது மரியாதை. மூத்த கலைஞர் பேசினால் ‘அருமை ஐயா’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் தேநீருக்கு எழுந்துவிடுவார்கள். மறுத்துப் பேசாதது அவருக்கும் நன்மை செய்வதில்லை.

இரண்டுக்கும் மருந்தாக ஒரு கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: ‘எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள், போதும் என்று எப்படித் தெரிகிறது?’ இதற்குப் பதில் சொல்ல வாழ்க்கை வரலாறு உதவாது. பூக்கட்டுகிறவரும் சொல்வார், பதம் அபிநயிக்கும் நடனமணியும் சொல்வார், கணினி நிரலாளரும்கூடச் சொல்வார். பதில் சொல்லும்போதே ஒரு தீர்ப்பும் காரணமும் வந்து விழும். மற்றவர்கள் ‘இன்னும் ஒரு சுற்றுக் கட்டினால் என்ன கெடும்’ என்று மரியாதையோடு கேட்க முடியும். பொருளைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மாலை இல்லாமல் மாலையைப் பற்றிப் பேசினால் பொதுப்பொருள் இல்லாமல் போகும்.

மறைசெலவு நேரம்தான். கடையை விட்டு வருகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை என்பது வியாபார நேரம். வட்டம்தான் அவர் நேரத்துக்கு மாறிக்கொள்ளவேண்டும்.

## நான்கும் ஒரே பார்வையில்

| | நூல் | படைப்பின் முன் | வழக்கு | கைத்தொழில் |
|---|---|---|---|---|
| சொந்தத் தீர்ப்பு | குறைவு, ஒரே வாதம் கொடுத்தால் கூடும் | மிக அதிகம் | அதிகம் | சரியான கேள்வி இருந்தால் அதிகம் |
| பொதுப்பொருள் | எல்லோரும் படித்திருந்தால் மட்டும் | கண்முன்னே | விவரங்களை முதலில் பகிரவேண்டும் | பொருளைக் கொண்டுவந்தால் உண்டு |
| தயாரிப்பு | சில வாரம் | ஏறக்குறைய இல்லை | ஓரிரு மாலை | வாழ்நாள் முழுக்கச் செய்தது |
| ஆழத்துக்கு வழி | நேர்வழி | வழிநடத்துபவர் தேவை | உண்டு, திசைமாறும் ஆபத்தும் உண்டு | மெதுவாக, ஆனால் புதிய இடத்துக்கு |
| மறைசெலவு | மூத்தவரின் மாலைகள் | கட்டணம், அனுமதி, நாற்காலி | மனக்கசப்பு | வேலை நேரம், மரியாதை எனும் தடை |

## யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

இங்கே பிறந்து வளர்ந்த இளையருக்குப் படைப்பின் முன் பேச்சு, அல்லது வழக்கு. தமிழில் நீளமாகப் பேசத் தயங்குகிறவர்கள்கூட, சுட்டிக்காட்ட ஒரு பொருள் எதிரே இருந்தால் ‘அந்த மூலையில் பாருங்கள்’ என்று தொடங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து, நிறைய வாசித்தவர் என்றால் நூலைக் கொடுக்கத் தோன்றும். நான் அவருக்கும் படைப்பையே முதலில் கொடுப்பேன். வாசிப்பு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, இந்த ஊரின் கலை அவருக்குப் புதிது, பழைய உறுப்பினர்களோடு சமமாக நிற்க அது உதவும். கட்டுமானத் தளத்திலிருந்தோ வீட்டுவேலையிலிருந்தோ ஞாயிறு மட்டும் விடுப்புக் கிடைத்து வருகிறவருக்கு வெளியிலுள்ள சிற்பமோ கைத்தொழில் வழியோ சரி. தச்சும் சுதையும் தெரிந்தவர்கள் அவர்களில் உண்டு, கேட்டால்தான் தெரியவரும். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியருக்கு மெய்ப்பாட்டியலிலிருந்து அந்த ஒரு கேள்வி.

வட்டத்தில் வழிநடத்த அனுபவசாலி ஒருவரும் இல்லை, எல்லோருமே புதியவர்கள் என்றால் மட்டும் நூலிலிருந்து தொடங்குங்கள். அப்போது ஹியூமின் கட்டுரையே வழிநடத்துபவர் வேலையைப் பார்க்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் பேச்சு முடிந்ததும் யார் முதலில் வாய் திறப்பது என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அதிகம் படித்தவர் கடைசியாகப் பேசட்டும். முதலில் பேசுகிறவர் பாராட்டோ திருத்தமோ சொல்லாமல் கேள்வி ஒன்று கேட்கட்டும், அதுவும் புதியவர் சொன்ன காரணத்தைப் பற்றியதாக இருக்கட்டும். அன்றைக்கே இரண்டாவது பேச்சுக்குத் தேதி குறித்துவிடுங்கள். அது வேறு வழியில் அமையட்டும்: ஓவியத்தின்முன் பேசியவருக்கு கிளைவ் பெல்லின் அந்த ஒரு வாதம், நூலில் தொடங்கியவருக்குக் கலைக்கூடம், பூக்கட்டுகிறவருக்குக் கோபுர வழக்கு. மூன்றாவது பேச்சுக்குத் தலைப்பை அவரே கொண்டுவருவார். அதற்குள் இன்னொரு புதியவர் வந்து உட்கார்ந்திருந்தால், அவருக்குத் துணையாக இருக்கும் பொறுப்பையும் இவரிடமே கொடுங்கள்.